நீ சிவப்புத் தீட்டிய நிலம்

என் ஆசை மச்சாள் சுகந்திக்கு,

வருசம் திரும்புகிற உன் ஆட்டைத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கக் கொடுத்திருக்கிறோம். தேவாரம் போட்டாயிற்று. உன் படம் போட்டாயிற்று. வம்சமும் போட்டாயிற்று. ஒரு பக்கம் வெறுமையாக மிஞ்சியது. அதில் இரங்கற்பா ஒன்று போடலாம் என்றார் அச்சகக்காரர். எல்லாச் செத்த வீட்டுக்கும் போடுகிற அதே பாட்டுத்தான், பெயரை மட்டும் மாற்றினால் சரியாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தப் பக்கத்த நான் எழுதித் தாறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு பக்கத்தில் இது அடங்காது என்று இப்போதே தெரிகிறது. தாள் கூடினால் கூடட்டும்.

ஊர் முழுக்க இதை வாசிக்கும். கையெழுத்து வைத்தவர்களும் வாசிப்பார்கள். வாசிக்கட்டும்.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். உன் சீதன வயலைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். கலியாணத்துக்கு இல்லை, சுகந்தி. இறால் வளர்க்க.

உன்னைத் தெரியாதவர்களும் இந்த மலரைக் கொண்டுபோய் வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதையும் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். நீ என் புருசனின் ஒரே தங்கச்சி. வந்தாறுமூலைக் கம்பஸில் விவசாயம் படித்தாய். படித்து முடித்தபின் வாவிக்கரை மண்ணை ஆராய்ந்து வரைபடம் போடுகிற ஒரு குழுவில் வேலை கிடைத்தது. எங்கே என்ன மண் கிடக்கிறது, அதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று காட்டுகிற படம். கரை கரையாகப் போய்க் கடைசியில் வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில் எங்கள் வட்டைக்கே வந்து சேர்ந்தாய்.

எங்கள் வட்டை உனக்குத் தெரியாததா? மேலே குளத்துப் பக்கம் உயர்ந்து, கீழே வாவியை நோக்கிச் சரிந்து, கடைசியில் வாவியின் உப்புத்தண்ணீர் ஏறி வருகிற தோணா ஓடையோடு முடிகிற வயல்வெளி. யானை வருகிற இடம், தனியாகப் பெண்பிள்ளை திரியக்கூடாது என்று உன் அண்ணன் என்னைக் காவலுக்கு அனுப்பினார். காவலுக்கு வந்தவளை நீ கூலிக்காரி ஆக்கிவிட்டாய். ஓகர் என்று நீ சொல்கிற அந்த நீட்டு இரும்புத் துளைப்பானை மண்ணுக்குள் முறுக்கி இறக்குவதும், மூச்சுப் பிடித்து இழுத்து எடுப்பதும் என் வேலை. வந்த மண்ணைச் சாக்கில் வரிசையாக அடுக்கி, தண்ணீர் தெளித்து, பிட்டுக்கு மாப் பதம் பார்க்கிறவள் மாதிரி விரலுக்கிடையில் உருட்டி உருட்டிப் பார்ப்பது உன் வேலை. நிறப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பாய். கரைத்த தண்ணீரில் மீற்றரை விட்டு உவர் எவ்வளவு என்று குறிப்பாய். பிறகு அடுத்த இடம். மறுபடியும் முறுக்கு, இழு.

ஒரு நாள் வெயில் தாங்காமல் நான் கேட்டேன். "தலைமுறை தலைமுறையா விதைக்கிற வயல். இதில என்னகா புதுசாக் காணப்போறாய்?"

"மேல விளையிறது எல்லாருக்கும் தெரியும் மச்சாள். கீழ என்ன கிடக்கெண்டு ஆரு பாத்த?"

படம் முடிந்து வந்தபோது எங்கள் வட்டை மூன்று நிறத்தில் இருந்தது. மேலே பச்சை, பயமில்லாமல் விதைக்கலாம். நடுவில் மஞ்சள். உவர் ஏறி இறங்குகிற மண் அது. முதல் தண்ணீரைக் கட்டிவைத்து உவரைக் கரைத்து வெளியே விட்ட பிறகுதான் விதைக்க வேண்டும், அதுவும் உவர் தாங்கும் நெல்லாகப் பார்த்து. கீழே, தோணாவை ஒட்டி, சிவப்பு. அங்கே கை வைக்கக்கூடாது. அந்தச் சிவப்புக்குள் முழுசாக விழுந்து கிடந்தது, தாய் வழியாக உனக்கு வந்த சீதன வயல். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் வயலும் பெண்பிள்ளைக்குத்தானே. உனக்கு வந்ததை நீயே சிவப்பாக்கி வைத்தாய்.

உன் அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "கோட்டக் கொஞ்சம் கீழ தள்ளிப் போட்டா என்ன, தங்கச்சி?"

"மண் எங்க முடியிதோ கோடும் அங்கதான் முடியும், அண்ணா" என்றாய். அவ்வளவுதான். உன்னோடு அவர் வாதாடவில்லை. வாதாடி வென்றவர் யாரும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

தேற்றாத்தீவில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். நல்ல மனிசர்கள். தட்டம், பழம், வெற்றிலை எல்லாம் கொண்டுவந்தார்கள். பேச்சு நல்லாகத்தான் போனது. மாப்பிள்ளையின் தகப்பன் கோப்பியைக் கையில் எடுத்தபடி, "வயல் எப்பிடி, நல்லா விளையுமா?" என்று கேட்டார். உன் அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "உவர் மாமா. நெல்லு விளையாது. சும்மா விட்டா கண்ணாக் கண்டலும் பன்புல்லும் நல்லா வரும். அதுக்குள்ள மீனும் இறாலும் குஞ்சு வைக்கும்."

அந்த மனிசன் கோப்பியைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. அடுத்த கிழமை சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். குசினிக்குள் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "எனக்குச் செவ்வாய்க் குற்றம் சாதகத்தில இல்ல மச்சாள், வயலிலதான்!" நானும் சிரித்தேன். உன் அண்ணன் மட்டும் முற்றத்தில் போய் நின்றார்.

அதன்பிறகு நீ அதிக காலம் இருக்கவில்லை. குழுவின் வேலை முடிந்து எல்லாரும் கலைந்தார்கள். நீ மட்டும் கமக்கார அமைப்பின் கூட்டத்துக்குக் கூட்டம் போய், குளத்துத் தண்ணீரை முதலில் மஞ்சள் வயல்களுக்கு விடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். மேல் வயல்காரர் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்துக்கும் போனாய். மாரி மழை தொடங்கியது. காய்ச்சல் என்று படுத்தாய். டெங்கு என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். நான் கொண்டுவந்த கஞ்சி சூடாறுவதற்கு முன்பு எல்லாம் முடிந்துவிட்டது. ஏன்கா இவ்வளவு அவசரம்? யாரிடம் கேட்க?

உன்னைச் சுட்ட சாம்பலை வாவியில்தான் கரைத்தோம். அந்த மாரி முழுக்க நான் வயல் பக்கம் போகவில்லை.

மாசி மாதம் கமக்கார அமைப்பு ஒரு கூட்டம் வைத்தது. கொழும்பில் இருந்து ஒரு கம்பனியின் ஆள் வந்திருந்தான். இளந்தாரி. நல்ல உடுப்பு, நல்ல பேச்சு. வயதானவர்களைக் கண்டதும் எழுந்து கும்பிட்டான். அவன்மேல் எனக்கு முதலில் ஒரு வெறுப்பும் வரவில்லை. பிறகு அவன் பையில் இருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தான். எட்டிப் பார்த்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு. உன் படம், சுகந்தி.

"இது உங்கட ஊர்ப் பிள்ளை ஒருத்தர் வேலை செஞ்ச படம்தானே?" என்றான். "சிவப்பு எண்டா நெல்லுக்குப் பொருத்தமில்லாத நிலம். நாங்க உங்கட நல்ல வயல்களைக் கேக்கல்ல. உங்களுக்கு உதவாம சும்மா கிடக்கிற நிலத்தைத்தான் குத்தகைக்குக் கேக்கிறம். இறால் தொட்டி வெட்டுவம், வேலையும் தருவம். உங்களுக்கு ஒரு நட்டமும் இல்ல."

தலைகள் ஆடின. ஏன் ஆடாது? கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? முன்வரிசையில் இருந்த ஒருவர், "பிள்ள செத்தும் ஊருக்கு உதவி செய்யிது" என்றார். மனம் நிறைந்துதான் சொன்னார். அந்தச் சொல்தான் என்னை எழுப்பியது.

பின்வாங்கில் இருந்த பெண்களுக்கு நடுவில் நான் எழுந்து நின்றேன். "தம்பி, அந்தச் சிவப்பு உதவாத நிலம் எண்டு ஆரு சொன்ன? அதத் தோண்ட வேணாம் எண்டுதான் அவள் சிவப்புப் போட்டவள்."

அவன் தாளை என் பக்கம் திருப்பினான். மரியாதையாகத்தான் பேசினான். "அப்பிடி ஒரு வசனமும் இதில இல்லையே, அம்மா."

இல்லைதான். அது நிறம் போட்ட தாள் மட்டும். விளக்கமெல்லாம் அரசாங்கக் கச்சேரியில் தடித்த அறிக்கையாக இருக்கிறது. அதை யார் எடுத்து வாசித்தார்கள்?

"யோகம், நீ இரி" என்றார் அமைப்பின் தலைவர்.

"நான் இரிக்கமாட்டன். அவடத்த குழி வெட்டினது நான்."

"குழி வெட்டினா மண்ணைப் பத்தித் தெரியுமா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். உன் அண்ணனும் அங்கேதான் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்திரை வருசம் கழிந்து அடுத்த கூட்டம், காணிக்காரர் யோசித்து வந்து கையெழுத்து வைக்கலாம் என்று முடித்தார்கள். இரண்டு பேர் யோசிக்கவும் இல்லை. அங்கேயே கையெழுத்து வைத்தார்கள்.

அந்தக் குழி உனக்கு நினைவிருக்கும். உன் வயலின் கடைசி மூலையில் வெட்டினோம். மேலே சாம்பல் மண், பிறகு பன் வேர், அதற்குக் கீழே நீலக் கறுப்பில் வெண்ணெய் மாதிரி ஒரு சேறு. கூழ்முட்டை நாற்றம். நான் மூக்கைப் பொத்தினேன். நீயோ நகை கண்டவள் மாதிரி அதைக் கையில் ஏந்தி, காற்றுப் படாமல் பையில் இறுக்கிக் கட்டினாய். "இது தண்ணிக்குள்ள கிடக்கிற மட்டும் ஒருத்தருக்கும் கெடுதல் இல்ல மச்சாள். தோண்டிக் காத்தில போட்டா புளிக்கத் தொடங்கும். தேசிக்காயவிடப் புளிக்கும். அந்தப் புளிப்பு மழையோட இறங்கிச்செண்டா வாவியில மீனும் இரிக்காது, வட்டையில நெல்லும் இரிக்காது."

இறால் தொட்டி வெட்டுவது என்றால் அந்தச் சேற்றைத் தோண்டி வரம்பாகக் குவிப்பதுதானே? மழை பெய்தால் அந்த வரம்பு எங்கே வடியும்?

சொல்லி விளங்காது என்று தெரிந்துவிட்டது. அடுத்த நாள் காலை மண்வெட்டியோடு உன் வயலுக்குப் போனேன். தனியாக வெட்டினேன். இடுப்பளவு இறங்கும்போது உன் அண்ணன் வந்து வரம்பில் நின்றார்.

"ஊர் சிரிக்கிது, யோகம்."

"சிரிக்கட்டும்."

"இஞ்ச பார். தங்கச்சி போன பிறகு இந்தக் காணி என்ட பேரில கிடக்கு. வருசா வருசம் சும்மாதான் கிடக்கு. நம்மட மூத்தவள் கம்பஸுக்கு எடுபட்டிரிக்காள். இந்தக் குத்தகை வந்தா அவள் கரைச்சல் இல்லாமப் படிச்சு முடிப்பாள்."

"சுகந்தி போட்ட கோட்ட அழிச்சு, சுகந்திட மருமகளப் படிப்பிக்கப் போறீங்களா?"

அவர் முகம் கறுத்தது. "செத்தவள்ட கோட்டுக்காக உசிரோட இரிக்கிறவங்க பட்டினி கிடக்கிறதா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் கிறுகி நடந்தார்.

அது லேசான கேள்வி இல்லை, சுகந்தி. அழுதேனா என்று கேட்காதே. மண்வெட்டியை இன்னும் ஓங்கிக் கொத்தினேன்.

அந்தச் சேற்றைச் சாக்கில் அள்ளி, லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றை மறித்து ஏற்றி, கூட்டம் நடக்கிற மண்டபத்துக்கு முன்னால் ஒரு தகரத்தில் பரப்பினேன். பக்கத்தில் இன்னொரு தகரத்தில் மேல் வயல் மண்ணைப் பரப்பினேன். இரண்டும் காய்ந்து இறுகிப் போகாதபடி நாள்தோறும் தண்ணீர் தெளித்தேன். வயலுக்கும் கடைக்கும் போகிற எல்லாரும் அந்த வழியால்தான் போக வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். "யோகம் கருவாடு காயப் போட்டிரிக்கா" என்றார்கள். தலைவர் ஆள் அனுப்பினார், நாற்றம் தாங்கவில்லை, எடுத்துவிடு என்று. "மணம் போனதும் எடுக்கிறன்" என்றேன். மணம் போனது. நான் எடுக்கவில்லை.

கிழமைகள் போயின. கறுப்பு வெளுத்துச் சாம்பலானது. வெடித்த இடங்களில் மஞ்சள் கோடுகள் தெரிந்தன, யாரோ மஞ்சள் தூளைத் தூவிவிட்ட மாதிரி. ஒவ்வொரு நாளும் அந்தக் கோடு நீண்டது. சிரித்துக்கொண்டு போனவர்கள் இப்போது நின்று குனிந்து பார்த்தார்கள். இரண்டு தகரத்திலும் பயறு போட்டேன். மேல் வயல் மண்ணில் முளைத்து இலை விட்டது. உன் வயல் சேற்றில் போட்டது ஊதி, கறுத்து, அழுகியது. அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் தலைவரே கேட்டார். "இது என்ன புள்ள, நஞ்சா?"

"தண்ணிக்குள்ள இரிந்தா இல்ல. வெளிய எடுத்தாத்தான்."

உன்னோடு ஒன்றாகப் படித்த செங்கலடிப் பிள்ளை இப்போது காணிப் பயன்பாட்டு உத்தியோகத்தர். அவளுக்குப் போன் எடுத்தேன். வந்தாள். தகரத்துச் சேற்றைக் கரைத்து, புளிப்புப் பார்க்கிற மீற்றரை விட்டாள். மீற்றரில் பிழையோ என்று கழுவி மறுபடியும் விட்டாள். "சுகந்தி சொன்னது அப்பிடியே வந்திரிக்கு" என்றபோது அவள் கண் கலங்கியது. அந்தத் தடித்த அறிக்கையையும் எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். எல்லாம் அதில் இருக்கிறதாம். ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். "நான் எதிர்த்து எழுதுவன், அக்கா. ஆனா இது தனியார் காணி. சொந்தக்காரங்க எல்லாரும் கையெழுத்து வைச்சாங்கெண்டா, நான் எழுதிறதத் தாண்டிப் போறதுக்கு அவங்களுக்கு வழி இரிக்கு."

ஆக எல்லாம் சொந்தக்காரர் கையில் வந்து நின்றது. அதிலும் உன் அண்ணன் கையில். தோணா வாய் உன் வயலில்தான் இருக்கிறது. அது இல்லாமல் தொட்டிக்கு உப்புத்தண்ணீர் எடுக்க முடியாது.

சித்திரை கழிந்து கூட்டம் கூடியது. உத்தியோகத்தர் அறிக்கையை வாசித்து விளங்கப்படுத்தினாள். கம்பனிக்காரன் அசரவில்லை. "இதுக்கு மருந்து இரிக்கு. தொட்டிக்குச் சுண்ணாம்பு போடுவம். எங்கட செலவில" என்றான்.

அப்போது ஹனீபா காக்கா எழுந்தார். காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருப்பவர். உன் வயலுக்கு அடுத்த மஞ்சள் நிலம் அவருடையது. "நல்லது தம்பி. உங்கட தொட்டிக்கு நீங்க சுண்ணாம்பு போடுவீங்க. வரம்பைத் தாண்டி என்ட வயலுக்குள்ள வார தண்ணிக்கு ஆரு போடுற? மறுகா வாவிக்கு ஆரு போடுற?"

கம்பனிக்காரன் பத்திரத்தை உன் அண்ணன் முன்னால் வைத்துப் பேனையை நீட்டினான். அவர் பேனையை வாங்கினார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சியது போலாகும் என்று யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, குத்தகை முடிஞ்சு போகக்குள்ள தோண்டின மண்ணையும் கொண்டு போவீங்களா?" என்று கேட்டார் உன் அண்ணன்.

அவன் சிரித்தான். "அதெப்பிடி, ஐயா?"

"அப்ப அது எங்களுக்குத்தான்."

பேனையை மூடி மேசையில் வைத்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "என்ட தங்கச்சி இந்த மண்ணப் பத்திப் பொய் சொல்லாம தன்ட கலியாணத்தையே விட்டவள். நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றார். மாசிக் கூட்டத்தில் என்னோடு சேர்ந்து நிற்காத மனிசன், அன்றைக்குத் தனியாக நின்றார். வீட்டுப் படலையடிக்கு வந்ததும், "அவள் இரிந்திருந்தா அண்டைக்குக் கையெழுத்தக் கேக்கவே விட்டிருக்கமாட்டாள்" என்றார்.

உன் அண்ணன் மறுத்த பிறகு மற்றக் கையெழுத்துகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கம்பனிக்காரன் போகும்போது என்னிடமே வந்து, "பரவாயில்ல அம்மா, பிறகு ஒருக்கா வாறம்" என்றான். "வாங்க. நான் இஞ்சதான் இரிப்பன்" என்றேன்.

எல்லாம் இனித்து முடிந்தது என்று நினைத்துவிடாதே. கையெழுத்து வைத்த இரண்டு வீட்டாருக்கும் எங்களோடு பேச்சு இல்லை. கோயிலில் கண்டால் மறுபக்கம் போகிறார்கள். அவர்களுக்கும் கஷ்டம் இருக்கிறது, எனக்குத் தெரியாதா? ஆனால் அதற்காக வட்டையையும் வாவியையும் புளிக்க வைக்கச் சொல்லி என்னிடம் கேட்கக்கூடாது. மூத்தவள் படிக்கிறாள். உன் அண்ணன் தன் வேலை முடிந்தபிறகு ஊராரின் வயல்களை உழப் போகிறார். தோள் வலி என்று எண்ணெய் தடவிக் கேட்கிறார். நான் தடவிவிடுகிறேன். பட்டினி இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு எங்களிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான், சுகந்தி. நாங்கள் கூட உழைக்கிறோம்.

இந்த மாரிக்கு விதைப்புக் கூட்டம் வைத்தபோது நீ போட்ட மண் வரைபடத்தைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். குளத்துத் தண்ணீர் முதலில் மஞ்சள் வயல்களுக்குத்தான் என்று நான் சொன்னதும், மேல் வயல்காரர் சண்டைக்கு வந்தார்கள். காலாகாலமாக அவர்களுக்குத்தானே முதல் தண்ணீர்! இந்தமுறை நான் மட்டும் நிற்கவில்லை. பின்வாங்கு முழுக்க எழுந்து நின்றது. தலைவர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "சரி, ஒரு போகத்துக்குப் பாப்பம்" என்றார். முதல் தண்ணீரைக் கட்டி, உவரைக் கரைத்து வெளியே விட்டுத்தான் ஹனீபா காக்கா விதைத்தார். போன வருசம் இதே நாளில் அவர் பயிர் நுனி கருகி நின்றதாம். இன்று போய்ப் பார்த்தேன். பச்சையாக நிற்கிறது. வெட்டுகிறபோது எப்படியோ தெரியாது, நின்று கொண்டிருக்கிறது.

உன் சிவப்பு நிலத்தில் கண்டல் கன்று நட்டோம். கொஞ்சம் வெள்ளம் கொண்டுபோனது. கொஞ்சத்தை எருமை மிதித்தது. மறுபடி நட்டோம். அந்த நிலத்தை யாரும் தோண்டக்கூடாது என்று பிரதேசத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி உன் செங்கலடிக் கூட்டாளி எழுதிக் கொடுத்திருக்கிறாள். இன்னும் மேலிடத்தில் இருந்து ஒரு பதிலும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை கந்தோருக்குப் போய்க் கேட்கிறேன். என்னைக் கண்டதும் அங்கே கதிரை போடுகிறார்கள். எனக்குக் கதிரை வேண்டாம், பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

போன கிழமை மறுகரையில் இருந்து நாலைந்து பெண்கள் பாதையில் ஏறி வாவியைக் கடந்து வந்தார்கள். அந்தப் பெரிய மிதவையில் இருந்து இறங்கி, வழி கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்களுடைய கரையிலும் அதே இளந்தாரி, அதே கும்பிடு, அதே பேச்சாம். அவர்களுடைய கரைக்கும் உங்கள் குழு படம் போட்டிருக்கிறது. அந்தப் படத்தையும் அவன் அப்படியே விரித்துக் காட்டியிருக்கிறான். வந்தவர்களில் மூத்தவள் கேட்டாள். "எங்கட ஆம்பிளைகள் பாதிப் பேர் ஓம் எண்டிட்டாங்க, அக்கா. நாங்க என்ன செய்யிற?"

"என்னத்துக்கு என்னட்டக் கேக்கிறீங்க? உங்கட மண்ணக் கேளுங்க. எப்பிடிக் கேக்கிறதெண்டு நான் வந்து காட்டித் தாறன்."

உன் கூட்டாளி கந்தோரில் இருந்து ஓகரையும் மீற்றரையும் இரவலாகத் தந்திருக்கிறாள். மீற்றர் பார்க்கவும் பழக்கிவிட்டாள். உன் அண்ணன் வேலியில் இருந்த இரண்டு பழைய தகரங்களைக் கழற்றிக் கட்டி வைத்திருக்கிறார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் செய்தார்.

உனக்கு வாக்குத் தருகிறேன், சுகந்தி. இந்த வாவியைச் சுற்றி நீங்கள் சிவப்புத் தீட்டிய நிலத்தையெல்லாம் தரிசு என்று சொல்லிக்கொண்டு எவன் வந்தாலும், அவன் தாளை விரிக்கிற மேசைக்குப் பக்கத்தில் நான் சேற்றைக் கொண்டுவந்து கொட்டுவேன். இரி என்றால் இரிக்கமாட்டேன். எனக்கு முடியாத காலம் வந்தால் உன் மருமகள் கொட்டுவாள். திவசம் முடிந்த அடுத்த நாள் காலை, முதல் பாதையில் நாங்கள் மறுகரைக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
உன் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு உன்னோடு மண் தோண்டிய
உன் மச்சாள் யோகம்